கையுறை எப்படி ஓடும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், கீழே இடது மூலையில், சின்னதாக ஒரு செய்தி வந்திருந்தது. பதவி விலகச் சொல்லி நெருக்கடியில் இருக்கும் ஓர் அமைச்சர் அலுவலகத்திலிருந்து காருக்குப் போகிறார், வழி நெடுக இரண்டு பக்கமும் நிருபர்கள் நின்று கத்துகிறார்கள். அந்த இடத்தில் உங்கள் மொழிபெயர்ப்பாளர் இப்படி எழுதியிருந்தார்: "அமைச்சர் நிருபர்களின் கையுறையை ஓடிக் கடந்தார்."

இரண்டு தடவை படித்தேன். பிறகு மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "நிருபர்கள் எதுக்குக் கையுறை போட்டுக்கிட்டு நின்னாங்க, குளிரா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இங்கிலீஷ் மூலத்தில் 'ரன் த காண்ட்லெட்' என்று இருந்திருக்கும். காண்ட்லெட் என்று அகராதியில் தேடினால் முதலில் வருவது கையுறை, அதுவும் போர்வீரர்கள் போட்டுக்கொள்ளும் இரும்புக் கையுறை. அவசரத்தில் அதை எடுத்துப் போட்டுவிட்டார். ஆனால் நான் இதை எழுதுவது அவரைக் குறை சொல்ல மட்டும் இல்லை. இதே தப்பை இங்கிலீஷ்காரர்களே ஏறக்குறைய முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் செய்திருக்கிறார்கள், அதிலிருந்துதான் அந்தத் தொடரே இன்றைய வடிவத்துக்கு வந்தது. உங்கள் மொழிபெயர்ப்பாளர் பழைய குழியில் புதிதாக விழுந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தத் தொடரில் கையுறையே கிடையாது. அது ஒரு தண்டனை. ஐரோப்பியப் படைகளில் ஒரு சிப்பாய் தப்பு செய்தால், அவனுடைய சக சிப்பாய்களை இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நிறுத்துவார்கள், ஆளுக்கொரு பிரம்போ குச்சியோ கொடுப்பார்கள், நடுவில் விட்ட சந்து வழியாகத் தப்பு செய்தவன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போக வேண்டும். போகப் போக இரண்டு பக்கமும் அடி விழும். சுவீடிஷ் மொழியில் இதற்குப் பெயர் 'காட்லோப்'. 'காட்டா' என்றால் தெரு, சந்து. 'லோப்' என்றால் ஓட்டம். சந்தோட்டம் என்று நாம் சொல்லலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முப்பதாண்டுப் போர் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள், 1618 முதல் 1648 வரை ஜெர்மன் நாடுகளையே சுடுகாடாக்கிய போர். 1630ல் சுவீடன் ராஜா குஸ்தாவ் அடால்ஃப் அதில் இறங்கினார். அவருடைய படையில் கூலிக்குச் சண்டை போட ஸ்காட்லாந்துக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் ஆயிரக்கணக்கில் போயிருந்தார்கள். அப்படிப் போன ஸ்காட்லாந்து அதிகாரி ராபர்ட் மன்ரோ, திரும்பி வந்து 1637ல் தன் அனுபவத்தைப் புத்தகமாகப் போட்டார். அதில் இந்தத் தண்டனையை விவரிக்கிறார், ஆனால் பெயரை மட்டும் 'லூப்கார்த்' என்று வேறு மாதிரி எழுதுகிறார். சிப்பாயை இடுப்புக்கு மேலே துணியில்லாமல் ஆக்கி, இருநூறு சிப்பாய்களுக்கு நடுவே ஒரு ஃபர்லாங் தூரம் ஓட விடுவார்களாம், கூட இருப்பவர்கள் அதற்கென்றே வெட்டி வைத்த சின்னக் குச்சிகளால் விளாசுவார்களாம். ஒரு ஃபர்லாங் என்றால் ஏறக்குறைய இருநூறு மீட்டர். இதையெல்லாம் அவர் எந்தத் தலைப்பில் சொல்கிறார் என்றால், சில்லறைத் தப்புகளுக்குக் கொடுக்கும் லேசான தண்டனைகள் என்ற இடத்தில்! பெரிய தப்புக்கு என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

1640களில் இங்கிலீஷில் இந்தச் சொல் 'கேண்ட்லோப்' என்று எழுத்தில் வந்துவிட்டது. காட்லோப்புக்குள் ஒரு மெய்யெழுத்து எங்கிருந்தோ நுழைந்துகொண்டது. ஆனால் கேண்ட்லோப் என்றால் ஒரு சாதாரண இங்கிலீஷ்காரனுக்கு ஒன்றும் புரியாது. காண்ட்லெட் அவனுக்குத் தெரியும், பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல், அங்கே கையுறைக்கு 'கான்', அதன் சின்ன வடிவம்தான் 'கான்ட்லே'. காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறதே என்று தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக்கி விட்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே கையுறை ஜெயித்துவிட்டது, கேண்ட்லோப் இன்று அகராதியில் மட்டும்தான் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அந்தக் 'காட்டா' என்ற சொல் இங்கிலாந்துக்கு அப்போது புதிதே இல்லை. எண்ணூறு வருடத்துக்கு முன்பே வைக்கிங்குகள் அதன் அண்ணன் தம்பிச் சொல்லைக் கொண்டுவந்து யார்க் நகரத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யார்க்கில் இன்றும் ஸ்டோன்கேட், காப்பர்கேட், பீட்டர்கேட் என்று தெருக்கள் இருக்கின்றன, அங்கே 'கேட்' என்றால் கதவு இல்லை, தெரு. வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்த சொல்லை அடையாளம் தெரியாமல் கையுறையைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள்.

சிப்பாய்களின் காதே அப்படித்தான் போலிருக்கிறது. இந்தியாவில் இருந்த இங்கிலீஷ் சிப்பாய்கள் 'யா ஹசன்! யா ஹுசைன்!' என்ற முழக்கத்தைக் கேட்டுவிட்டு அதை 'ஹாப்சன் ஜாப்சன்' ஆக்கினார்கள். பிற்பாடு, 1886ல் வந்த ஆங்கிலோ இந்தியச் சொல் அகராதிக்கே அதைப் பெயராக வைத்துவிட்டார்கள். நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை, மண் குதிரையா மண் குதிரா என்று இன்னும் வாட்ஸப்பில் சண்டை போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். இந்தத் தொடரில் பெரிய பொய் கையுறை கூட இல்லை, 'ஓட்டம்'தான். ஓடினால் அடி குறையும் இல்லையா, அதனால் பல படைகளில் ஓடவே விட மாட்டார்கள். முன்னால் ஒருவன் துப்பாக்கி முனைக் கத்தியையோ வாளையோ தண்டனை பெறுபவனின் நெஞ்சுக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி மெதுவாக நடப்பான். வேகமாகப் போனால் கத்தியில் போய் ஏற வேண்டியதுதான். நின்றால் பின்னால் இன்னொரு கத்தி. பிரிட்டிஷ் கடற்படையிலும் இதே ஏற்பாடுதான், கப்பலில் கூட இருப்பவனின் பொருளைத் திருடியவனுக்கு இந்தத் தண்டனை, மேல்தளத்தில் மாலுமிகள் இரண்டு வரிசையாக முடிச்சுப் போட்ட கயிற்றோடு நிற்பார்கள். 1806ல் அங்கே இதை நிறுத்தினார்கள்.

ரஷ்யாவில்தான் இது உச்சத்துக்குப் போனது. பேரரசர் பீட்டர் காலத்தில் நுழைந்து, முதலாம் நிக்கலாய் காலத்தில் ஆயிரம் பேர் வரிசையில் பல சுற்று என்று ஆனது. சிப்பாயின் கைகளைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டி, இரண்டு பேர் அந்தத் துப்பாக்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார்கள். அவன் நடக்கிறானா, இழுபடுகிறானா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. அந்த ராஜாவுக்குச் சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் 'நிக்கலாய் பால்கின்', 'பால்கா' என்றால் தடி, தடி நிக்கலாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1863ல்தான் அங்கே இது ஒழிந்தது. ரஷ்ய மொழியில் இந்தத் தண்டனையை 'வரிசைக்கு ஊடே' என்றுதான் சொல்வார்கள், ஓட்டம் என்ற பேச்சே இல்லை. எனக்கென்னவோ அதுதான் நேர்மையான பெயராகப் படுகிறது. ஜெர்மன்காரர்கள் 'ஸ்பீஸ்ரூட்டன் லாஃபன்' என்பார்கள், பிரம்புகளுக்கு நடுவே ஓடுவது. பிரெஞ்சில் 'பகெட்டுகள் வழியாகப் போவது', பகெட் என்றால் கோல், அந்த நீள ரொட்டிக்கும் அதே பெயர்தான். ஆக, ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் பிரம்பு பிரம்பாகவே இருக்கிறது, இங்கிலீஷில் மட்டும்தான் கையுறை மாட்டிக்கொண்டது.

அமெரிக்காவுக்கு இந்தத் தொடர் போனபோது இன்னொரு காட்சி அதில் வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே பல பூர்வகுடி மக்களிடம், போரில் பிடித்து வந்த கைதியை ஊருக்குள் கொண்டுவரும்போது இரண்டு வரிசைக்கு நடுவே ஓட விடும் வழக்கம் இருந்தது. குடியேறிகள் அதைப் பார்த்ததும் தங்களிடம் ஏற்கெனவே இருந்த பெயரை அதற்கு வைத்தார்கள். 1752ல் ஜான் ஸ்டார்க் என்ற இளைஞனை, விலங்குகளுக்குப் பொறி வைக்கப் போன இடத்தில், அபெனாக்கி மக்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் தடிகளோடு வரிசையில் நிற்கிறார்கள், ஸ்டார்க் ஓட வேண்டும். அவன் என்ன செய்தான் தெரியுமா, முதலில் நின்றவன் கையிலிருந்த தடியைப் பிடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களையே திருப்பி அடிக்க ஆரம்பித்தான்! தலைவர் அதை ரசித்தாராம். பிறகு அவனைத் தங்கள் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்டார்கள், கொஞ்ச நாளில் குடியேறிகள் தரப்பில் பணம் கொடுத்து அவனை மீட்டார்கள். அந்த ஸ்டார்க்தான் பிற்பாடு அமெரிக்க விடுதலைப் போரில் தளபதியாகி 1777ல் பென்னிங்டன் சண்டையில் ஜெயித்தவர். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அவருடைய வீரம் கூட இல்லை. சுவீடிஷ் படையிலோ ரஷ்யப் படையிலோ இதைச் செய்திருந்தால் ஸ்டார்க்கின் தலை அங்கேயே போயிருக்கும். ஒன்று தண்டனை, இன்னொன்று ஒருவிதச் சோதனை, இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தது பார்த்தவர்களின் வசதிக்காக.

இப்போது நாலாபுறத்திலிருந்தும் வரும் ஏச்சையோ ஆபத்தையோ தாண்டிக்கொண்டு போவதற்கெல்லாம் இந்தத் தொடர்தான். நிருபர்களைக் கடந்து போகும் அமைச்சர், கரடிகள் காத்து நிற்கும் ஆற்றில் எதிர்நீச்சல் போடும் சால்மன் மீன், எல்லாவற்றுக்கும்.

நிஜமான கையுறைக்கும் இங்கிலீஷில் ஒரு தொடர் இருக்கிறது, அதுதான் குழப்பத்தைக் கூட்டுகிறது. ஒருவனைச் சண்டைக்கு அழைக்க வேண்டுமானால் கையுறையைக் கழற்றித் தரையில் எறிவது, அழைப்பை ஏற்பவன் அதைக் குனிந்து எடுப்பது. இங்கிலாந்தில் முடிசூட்டு விருந்தின்போது ராஜாவின் சார்பில் ஒரு வீரர் முழுக் கவசத்தோடு குதிரையில் மண்டபத்துக்குள்ளேயே வந்து, ராஜாவின் உரிமையை மறுப்பவர் யாராவது உண்டா என்று கையுறையை எறிவார். கடைசியாக 1821ல், நாலாம் ஜார்ஜ் முடிசூடியபோது, அது நடந்தது. யாரும் எடுக்கவில்லை, நல்ல வேளை. இதை நாம் 'சவால் விட்டார்' என்று முடித்துவிடலாம், இன்னும் கொஞ்சம் காரம் வேண்டுமானால் 'தொடை தட்டினார்' என்று எழுதலாம், அதற்கும் கையுறை தேவையில்லை. அமெரிக்காவில் சில பத்திரிகைக்காரர்கள் இந்த இரண்டையும் பிரித்து வைக்க, ஓடுவதற்கு ஒரு எழுத்து குறைத்தும் எறிவதற்கு முழுசாகவும் எழுத்துக்கூட்டு வைத்திருந்தார்கள். இவ்வளவு கவனமாக இருந்தும் குழப்பம் தீரவில்லை, ஓடுகிற இடத்தில் பெரும்பாலானவர்கள் கையுறையைத்தான் எழுதுகிறார்கள்.

நானும் யோக்கியன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் அச்சகத்தில் வெகுகாலம் பிழை திருத்துபவனாக இருந்தவன். ஒரு பொருளாதாரக் கட்டுரையில், வாடிக்கையாளர்கள் பயந்துபோய் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க வங்கிக்குப் படையெடுத்தார்கள் என்று வர வேண்டிய இடத்தில், "மக்கள் வங்கியின் மீது ஓடினர்" என்று இருந்தது. ஒற்று மிகுமா மிகாதா என்று மட்டும் பார்த்துவிட்டு, சரி என்று டிக் போட்டு அனுப்பினேன். புத்தகம் கட்டாகி வந்த பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். வங்கிக் கூரை மேல் ஜனங்கள் தடதடவென்று ஓடுகிற காட்சி அன்றைக்கு இரவு முழுக்க என் கண் முன்னால் ஓடியது.

பாருங்கள், 'கண் முன்னால் ஓடியது' என்று கை தானாக எழுதுகிறது. நம் ஓட்டமும் சாமான்யமானது இல்லை. படம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, குடும்பம் எப்படியோ ஓடுகிறது, கவலை வந்தால் ஒரு வேலையும் ஓடுவதில்லை. இங்கிலீஷ் 'ரன்' இன்னும் மோசம், ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் என்று கணக்கு சொல்லியிருக்கிறார்கள். அதனால் இரண்டு ஓட்டமும் சில இடத்தில் கைகோக்கும், பல இடத்தில் கைகோக்காது, கைகோக்காத இடத்தில்தான் ஆபத்து. தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டனில் நிற்கிறார், நம் ஆளும் நிற்கிறார். அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்க்கும்போது யாரும் 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்று எழுதுவதில்லை, பழகிவிட்டது. ஆனால் 'லாங் ரன்' வந்தால் மட்டும் 'நீண்ட ஓட்டத்தில் இது நன்மை தரும்' என்று கூசாமல் எழுதுகிறோம். 'போகப் போக' என்று ஒரு அருமையான சொல் நம்மிடம் இருக்கும்போது எதற்கு மூச்சு வாங்க ஓட வேண்டும்? உங்கள் தலையங்கத்திலேயே இதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், அந்த அமைச்சரை எப்படித்தான் காருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? முதலில் எனக்குத் தோன்றியது 'மத்தளத்துக்கு இரு பக்கமும் அடி'. இரண்டு பக்கமும் அடி என்பது வரை பொருந்துகிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் யோசித்தால் ஒட்டாது. மத்தளம் ஒரே இடத்தில் இருக்கும், எங்கேயும் போகாது. அதுவும் இரண்டு தரப்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டவனுக்குச் சொல்வது, அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் இருப்பவனுக்கு. காட்லோப்பில் இரண்டு வரிசையும் ஒரே கட்சி, அடி வாங்குபவனுக்கு ஒரு வேலை இருக்கிறது, மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் மத்தளத்தை விட்டுவிட்டேன்.

என் யோசனை இது. "இரு பக்கமும் வரிசைகட்டி நின்ற நிருபர்களின் கேள்விக்கணைகளை வாங்கிக்கொண்டே அமைச்சர் காரை அடைந்தார்." கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். இடம் போதாது என்றால் "நிருபர்களின் சரமாரியான கேள்விகளைத் தாண்டி" என்றாலே போதும். 'சரமாரி' என்பதிலேயே அம்பும் இருக்கிறது மழையும் இருக்கிறது, அடி வாங்குபவன் நனையாமல் போக முடியாது. ஓட்டம் தேவையில்லை. அந்த அமைச்சர் ஓடியிருக்கவும் மாட்டார், புகைப்படத்தைப் பார்த்தால் குடையை ஊன்றிக்கொண்டு மெல்லத்தான் நடக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்

பி.கு.: இதே தொடருக்கு ஒரு போலி உறவினர் இருக்கிறார், உங்கள் மொழிபெயர்ப்பாளரை எச்சரித்து வையுங்கள். 'ரன் த கேமட்'. இதற்கும் அடிக்கும் சம்பந்தமே இல்லை, இது சங்கீதம். ஐரோப்பாவில் பழைய ஸ்வர வரிசையின் அடிமட்ட ஸ்வரத்துக்கு 'காமா உட்' என்று பெயர், அதுவே சேர்ந்து கேமட் ஆகி, முழு வரிசையையும் குறிக்க ஆரம்பித்தது. ஒரு நடிகை எல்லா உணர்ச்சிகளிலும் கேமட் ஓடினார் என்று வந்தால், அவர் அடி வாங்கவில்லை, அழுகையிலிருந்து சிரிப்பு வரை அத்தனையும் காட்டி நடித்திருக்கிறார் என்று பொருள். தயவுசெய்து அவருக்குக் கையுறை மாட்டிவிடாதீர்கள்.